எழுவேகமா, சுணக்கமா? டர்போ தேர்வுக்குச் சில சொற்கள்

அனைவருக்கும் வணக்கம்.

டீசல் டிரக் எஞ்சினின் திறனைக் கூட்ட நினைப்பவர் எந்த அளவு டர்போவை (வெளியேறும் புகையால் சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) தேர்வது என்று ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். சொற்களில் மாட்டிக்கொண்டேன். இப்போதைக்குக் கைவசம் இருப்பவை: டர்போசார்ஜருக்குச் சுழல்மிகையூட்டி, லேக் என்பதற்குத் தாமதம், சர்ஜ் என்பதற்குப் பேரலை, ஏ/ஆர் என்பதற்குப் பரப்பார விகிதம். மாதிரிக்கு ஒரு வாக்கியம்: "பெரிய சுழல்மிகையூட்டியைப் பொருத்தினால் 2,200 சுழற்சி வரை தாமதம் இருக்கும்." படித்தால் எனக்கே ஏதோ இடிக்கிறது. திருத்தித் தாருங்கள்.

---

வணக்கம்.

> 2,200 சுழற்சி வரை தாமதம் இருக்கும்

இடிப்பது இங்கேதான். தாமதத்தை நொடியில் அளப்போம். சுழற்சியில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் கணக்கில், எப்படி அளப்பது? நீங்கள் சொல்ல வந்தது லேக் இல்லை, பூஸ்ட் த்ரெஷோல்ட். இந்த இரண்டையும் ஆங்கிலத்தில் பேசுகிறவர்களே போட்டுக் குழப்புகிறார்கள். தமிழிலாவது முதல் நாளே பிரித்துவிடலாம்.

எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது வெளியேறும் புகை குறைவு. அந்தப் புகைக்கு டர்பைனை (டர்போவில் புகை பட்டுச் சுழலும் சக்கரம்) வேண்டிய வேகத்துக்குச் சுழற்றும் வலு இருக்காது. மிதியை முழுக்க அழுத்தி எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அழுத்தம் ஏறாது. ஒரு குறிப்பிட்ட சுழற்சிக்கு மேல்தான் டர்போ எழும். இதற்கு 'எழுவேகம்' என்று சொல் வைக்கலாம். எழுஞாயிறு போல வினைத்தொகை, சுருக்கமாகவும் இருக்கிறது.

லேக் வேறு. எழுவேகத்தைத் தாண்டி ஓடும்போதும், மிதியை அழுத்தியதற்கும் அழுத்தம் வந்து சேர்வதற்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. சக்கரங்களும் தண்டும் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று என்ற கணக்கில் ஓட வேண்டியவை. அந்த வேகம் பிடிக்க நேரமாகும். குழாயும், அழுத்தத்தால் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் காற்றால் நிரம்பவும் வேண்டும். இதற்குத் 'தாமதம்' தப்பில்லை, ஆனால் பேருந்துக்கும் சம்பளத்துக்கும்கூட அதே சொல்தான். 'சுணக்கம்' என்றால் மந்தமும் சேர்ந்து வருகிறது. சுணங்கும் டர்போ, சுணங்காத டர்போ என்று வினையாகவும் ஆளலாம்.

இதைச் சும்மா சொல்லழகுக்காகச் சொல்லவில்லை. நான் எஞ்சின் பிரித்துக் கோத்தவன், சொல்லாய்வில் கற்றுக்குட்டி. ஒருமுறை 1,600 சுழற்சியில் இழுவையே இல்லாத வண்டிக்கு 'லேக்தான்' என்று முடிவுகட்டி, எடை குறைந்த அமுக்கிச் சக்கரம் (அதே தண்டின் மறுமுனையில் காற்றை அழுத்துவது) வாங்கி மாட்டினேன். 1,600-இல் அது அப்படியே செத்துக் கிடந்தது. எடை குறைந்தால் சுணக்கம் குறையும். எழுவேகம் ஏறக்குறைய நின்ற இடத்தில் நிற்கும். அப்புறம் சிறிய ஏ/ஆர் உள்ள டர்பைன் கூடு போட்டதும் சரியானது. இரண்டு சொல் இருந்திருந்தால் ஒரு சக்கரத்தின் காசு மிஞ்சியிருக்கும்.

> பரப்பார விகிதம்

பொருள் மிகச் சரி. சுருள்கூட்டின் குறுக்குவெட்டுப் பரப்பை, அந்தக் குறுக்குவெட்டின் மையம் தண்டிலிருந்து இருக்கும் தூரத்தால் வகுப்பதுதான் அது. ஆனால் 'பரப்பாரம்' என்று சேர்த்துச் சொன்னால் ஏதோ பாரம் ஏற்றியது போலக் கேட்கிறது! 'சுருள்விகிதம்' என்றால் என்ன? விகிதம் சிறிதானால் புகை விரைந்து பாய்ந்து எழுவேகம் இறங்கும். உச்ச வேகத்திலோ புகை வெளியேற வழியின்றி எதிரழுத்தம் கூடும். பெரிதானால் நேர்மாறு.

டர்போசார்ஜரை 'டர்போ' என்றே விட்டுவிடுங்கள். லத்தீனில் அந்தச் சொல்லுக்குப் பம்பரம் என்றும் பொருள். மொழிபெயர்க்கப் போய்ப் பம்பரவூட்டி என்று முடிந்தால் யார் வாங்குவார்கள்? ஆல்ஃபிரட் பியூக்கி 1905-இல் காப்புரிமை பெற்ற கருவி. நூறாண்டுக்கு மேலாக உலகம் முழுக்க ஓடுகிறது.

சர்ஜுக்குப் பேரலை வேண்டவே வேண்டாம். அலை முன்னால் வருவது. இங்கே நடப்பது தலைகீழ்: அமுக்கி தள்ளிய காற்றை எஞ்சினால் முழுக்க விழுங்க முடியாமல், அது சக்கரத்தின் வழியாகவே திரும்பி வெளியே வருகிறது. குழந்தை பாலைக் குடித்துவிட்டுக் கக்குவதை என்னவென்று சொல்கிறோம்? 'எதுக்களிப்பு'. அதுவேதான்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கையும் கட்டுரையில் சேருங்கள், சொற்கள் அதில்தான் உயிர்பெறும். 6.7 லிட்டர் எஞ்சின், 3,000 சுழற்சி, நான்கு வீச்சு; அதாவது இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றிழுக்கும். நிமிடத்துக்கு 6.7 × 1,500, அதாவது சுமார் 10 கன மீட்டர். நிரம்பும் திறன் 90 விழுக்காடு என்றால் 9. ஊட்டழுத்தம் (வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் டர்போ கூட்டுவது) 2 பார் என்று வைத்தால் அழுத்த விகிதம் 3. இன்டர்கூலர் தாண்டி 60 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 3.2 கிலோ. ஆக நிமிடத்துக்கு 29 கிலோ காற்று. எரிபொருளைப் போல 20 மடங்கு காற்று கொடுத்தால் இது ஏறக்குறைய 500 குதிரைத்திறனுக்குப் போதும். அமுக்கி வரைபடத்தில் (காற்றின் அளவையும் அழுத்த விகிதத்தையும் காட்டும் படம்) இந்தப் புள்ளியைக் குறித்துக்கொள்ள வேண்டும். எல்லாரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே அழுத்த விகிதத்தை 1,600 சுழற்சியில் கேட்டால் காற்று 15.5 கிலோதான். பெரிய அமுக்கி என்றால் அந்தப் புள்ளி எதுக்களிப்புக் கோட்டுக்கு இடப்பக்கம் விழக்கூடும். பாரத்தோடு மேடேறும்போது எஞ்சின் ஓடுகிற இடமும் அதுவே.

---

நன்றி. எழுவேகம், சுணக்கம், சுருள்விகிதம் மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். எதுக்களிப்பில் மட்டும் தயக்கம். வயிற்றுவலிக் கட்டுரை போல ஆகிவிடாதா? 'பின்னடிப்பு' என்று மென்மையாகச் சொல்லலாமே. வரைபடத்தின் வலப்பக்கக் கோட்டுக்கும் ஒரு சொல் வேண்டும்; அங்கே சோக் என்று போட்டிருக்கிறது.

---

பின்னடிப்பை பேக்ஃபயருக்கு விட்டுவைப்போம். எரிபொருள் தப்பான இடத்தில் வெடிப்பதற்கு அது அச்சாகப் பொருந்துகிறது. ஒரே எஞ்சினில் இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் மறுபடியும் பழைய குழப்பம்தான். உடம்புச் சொல் என்று கூச்சப்படாதீர்கள். எஞ்சினுக்கு மூச்சு, இழுவை, திணறல் எல்லாம் கொடுத்தாகிவிட்டதே. எதுக்களிப்பு தொடர்ந்தால் தண்டைத் தாங்கும் பேரிங்குகள் அடிவாங்கும் என்று சேர்த்து எழுதினால் சிரிப்பும் வராது.

சோக் என்பதற்கு 'நெரிவு'. அங்கே அமுக்கியின் குறுகலான இடத்தில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிடுகிறது, அதற்கு மேல் ஒரு கிராமும் கூடுதலாகப் போகாது. குரல்வளை நெரிவது போலத்தான்.

உங்கள் வாக்கியத்தை இப்படி மாற்றிப் பாருங்கள்: "சுருள்விகிதம் பெரிதாக உள்ள டர்போவைப் பொருத்தினால் எழுவேகம் 2,200 சுழற்சிக்குப் போய்விடும், சக்கரங்களும் பெரிதென்றால், அதற்கு மேலும் சிறிது சுணக்கம் இருக்கும்."