ரேக்குக்குள் சூடேறி நின்றுபோகும் பேஸ் ஆம்ப்ளிஃபையர்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

கோபி, பேஸ் கிடார் வாசிப்பவர்:

கோயில் திருவிழாக்களுக்கு வாசிக்கும் இன்னிசைக் குழு எங்களுடையது. பங்குனியில் பிடித்தால் வைகாசி வரை மேடை ஓயாது. என் ரேக்கில், அதாவது கருவிகளை அடுக்கும் சட்டப் பெட்டியில், மேலே ப்ரீஆம்ப், நடுவில் கம்ப்ரசர், அடியில் கிளாஸ் ஏபி வகைப் பவர் ஆம்ப்ளிஃபையர். அதில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர் பாக்ஸ்கள் ஓடுகின்றன. சத்தியமங்கலம் பக்கத்து ஊர் ஒன்றில் கூட்டம் கைதட்டத் தொடங்கிய நேரத்தில் ஆம்ப் நின்றுவிட்டது. சிவப்பு விளக்கு எரிந்தது. சற்று நேரத்தில் தானாக உயிர் வந்தது, அடுத்த பாட்டில் மறுபடியும் போனது. பட்டறையில் கொடுத்தால், “ஒன்றும் இல்லை, நன்றாக ஓடுகிறது” என்று திருப்பித் தருகிறார்கள். உங்களுக்கு இப்படி நேர்ந்திருக்கிறதா?

பவானி, ஒலி அமைப்பாளர்:

தம்பி, பட்டறைக்காரர் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். தானாக நின்று தானாக வந்தால், சூட்டைக் கண்டு ஆம்ப் தன்னையே காத்துக்கொண்டது என்று பொருள். மேசைமேல் தனியாக வைத்துச் சோதித்தால் அந்தச் சூடு எங்கிருந்து வரும்? பார்க்க வேண்டியது ரேக்கை.

அதற்கு முன் ஒன்று. சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தால் சூடும் குறையும் என்று மேடைக்கு மேடை சொல்வார்கள். ஆனால் கிளாஸ் ஏபி ஆம்ப் முழுத் திறனில் ஓடும்போது டிரான்சிஸ்டர்கள் உச்சச் சூட்டில் இருப்பதில்லை. கணக்குப்படி முழுத் திறனில் ஏறத்தாழ 40 சதவீதத்தில்தான் அவை அதிக அனலைக் கக்கும். முழு வேகத்திலிருந்து கொஞ்சம் இறக்கினால் நேராக அந்த இடத்தில் போய் உட்காருவீர்கள். நன்றாக இறக்கினால்தான் பயன் உண்டு. ஆனால் அவ்வளவு இறக்கினால் பேஸ் கேட்காது, கமிட்டிக்காரர் மேடைக்கே வந்துவிடுவார். ஆகவே காற்றைக் கவனியுங்கள்.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் நண்பர் ஒருவரின் ரேக் அடிக்கடி நின்றுகொண்டிருந்தது. குதிரைச் சந்தைப் புழுதிதான் காரணம் என்று அவர் சாதித்தார். நான் கையை முன்னாலும் பின்னாலும் வைத்துப் பார்த்தேன். இரண்டு ஆம்ப், இரண்டு கம்பெனி. ஒன்று முன்னால் காற்றை இழுத்துப் பின்னால் தள்ளுகிறது, மற்றொன்று பின்னால் இழுத்து முன்னால் தள்ளுகிறது. ஒன்று கக்கும் அனலை மற்றொன்று மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தது. ஒரே திசையில் ஊதும் ஆம்ப்களாக மாற்றி அடுக்கிய பிறகு அந்த ரேக் இரவு முழுவதும் ஓடியது.

இன்னொன்று, இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். நடுவில் ஒரு யூனிட், அதாவது 1.75 அங்குலம், காலியாக விட்டால் காற்றோட்டம் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை. ஃபேன் இல்லாத கருவிக்கு அது சரி. முன்னால் இழுத்துப் பின்னால் தள்ளும் ஆம்புக்கு அந்தச் சந்தே வினை. பின்னால் தள்ளிய அனல் அதன் வழியாக முன்பக்கம் வந்து மறுபடியும் உள்ளே போகும். வெற்றுத் தகடு போட்டு மூடுங்கள். ரேக்கின் பின்மூடியை மட்டும் கழற்றி வையுங்கள், திருடன் பயம் இருந்தாலும்.

திருப்பூர், ஆம்ப்ளிஃபையர் மெக்கானிக்:

பவானி அண்ணா சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் பாதி ரேக்குகள் பஞ்சினால்தான் சாகின்றன. பனியன் கம்பெனி, விசைத்தறி, நூல் மில் எல்லாம் சுற்றி இருக்கும்போது காற்றிலேயே பஞ்சு மிதக்கிறது. தூசியைத் தடுக்கும் முன்பக்க ஸ்பாஞ்சைக் கழற்றினால் தலையணைபோல் பொதியாக வரும். பொள்ளாச்சியிலிருந்து வருகிற ஆம்ப்களில் தென்னை நார்த் தூள். ஸ்பாஞ்சைச் சோப்பு நீரில் அலசி, முழுவதும் காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும்.

புளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஊதுகிற வேகத்தில் தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போய்விடும். மற்றபடி மூடியை நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். உள்ளே டிரான்சிஸ்டரின் மைக்காத் தகட்டுக்கு அடியில் சூட்டைக் கடத்தும் வெள்ளைப் பசை காய்ந்திருந்தால் எந்தக் காற்றும் உதவாது, அது எங்கள் வேலை. மலிவாகக் கிடைக்கிறது என்று வேகம் குறைந்த ஃபேனை மாட்டிக்கொண்டு வருபவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

தாராபுரம், ஜெனரேட்டர் ஓட்டுபவர்:

நான் பார்த்த கூத்து: ஜெனரேட்டரின் ரேடியேட்டர் அனல் அடிக்கிற திசையில், தகரப் பந்தலுக்குக் கீழே ஆம்ப் ரேக். கேபிள் நீளம் போதவில்லையாம். கேட்டால் ஆம்ப் மேல் ஈரச் சாக்கைப் போட்டிருப்பதைப் பெருமையாகக் காட்டினார்கள். மின்சாரத்தின் மேல் ஈரச் சாக்கு! எடுத்து எறிந்துவிட்டு, ஒரு மேசை ஃபேனை ரேக்கின் முன்பக்கம் வைத்தேன். அது போதுமானதாக இருந்தது.

உடுமலை, ஒலி அமைப்பாளர்:

ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்களுக்கு வரம்தான், ரேக்கின் பின்பக்கம் மேற்கே பார்க்காத வரை. பார்த்தால் ஃபேன் தள்ளும் அனலைக் காற்றே திருப்பி உள்ளே அடைக்கிறது. நான் ரேக்கை எப்போதும் பக்கவாட்டாக நிறுத்துகிறேன். இப்போது கிளாஸ் டி ஆம்புக்கு மாறிவிட்டேன். எடையும் குறைவு, சூடும் குறைவு. இந்தக் கவலையே வேண்டாம்.

பவானி, ஒலி அமைப்பாளர்:

கவலையே வேண்டாம் என்று சொல்லாதீர்கள் அண்ணா. கிளாஸ் டி மின்சாரத்தை வீணாக்குவது குறைவு, ஒப்புக்கொள்கிறேன். அதிலும் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. சூடு 10 டிகிரி ஏறினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது மெக்கானிக்குகளின் பொதுக் கணக்கு. மூடிய பெட்டியில் வைத்தால் அதுவும் ஒரு நாள் பழிவாங்கும்.

கோபி, பேஸ் கிடார் வாசிப்பவர்:

பின்மூடி அன்று கழற்றித்தான் இருந்தது. ஆனால் இதைப் படித்தபின் எங்கள் ஓட்டுநரிடம் கேட்டேன். கூட்டம் பெரிது என்று அந்த ஊர் ஒலி அமைப்பாளர் தன்னிடமிருந்த 8 ஓம் பாக்ஸ் ஒன்றையும் என் பாக்ஸ்களோடு கோர்த்துவிட்டாராம். மேடையில் இருந்த எனக்குத் தெரியவில்லை.

பவானி, ஒலி அமைப்பாளர்:

தம்பி, இதை முதலிலேயே கேட்டிருந்தால் இவ்வளவு நீளம் எழுதியிருக்க மாட்டேன். இரண்டு 8 ஓம் பாக்ஸ் இணையாகச் சேர்ந்தால் 4 ஓம். மூன்று சேர்ந்தால் சுமார் 2.7 ஓம். தடை குறைவதால் அதே சத்தத்துக்கு ஆம்ப் ஒன்றரை மடங்கு மின்னோட்டம் தர வேண்டும். பின்தகட்டில் குறைந்தபட்சம் எத்தனை ஓம் என்று அச்சிட்டிருக்கிறது?

கோபி, பேஸ் கிடார் வாசிப்பவர்:

4 ஓம், அண்ணா.

திருப்பூர், ஆம்ப்ளிஃபையர் மெக்கானிக்:

அப்படியானால் அது எரியாமல் நின்றதே பெரிது. அடுத்த கச்சேரிக்கு முன் ஒருமுறை கொண்டு வாருங்கள், பசையைப் பார்த்துவிடலாம். கச்சேரி முடிந்ததும் உடனே அணைத்து மூடியைப் பூட்டாதீர்கள். கேபிள் சுற்றி முடிக்கும் வரை ஆம்ப் சத்தமில்லாமல் ஓடட்டும், ஃபேன் உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளிவிடும்.