வகுப்பில் ஒரு பெடியனை ‘ஒன்பது’ என்று கூப்பிடுகிறார்கள், பிள்ளைகளோடு எப்படிக் கதைப்பது?

மாலைவகுப்பு எழுதியது:

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் பின்னேரங்களில் ஓ.எல். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். அதில் ஒரு பெடியனுக்குக் கொஞ்சம் மெல்லிய குரல், கதைக்கும்போது கை ஆடும், அவ்வளவுதான். மற்றவர்கள் அவனை ‘ஒன்பது’ என்கிறார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், இப்போது இடாப்புக் கூப்பிடும்போது அவனுடைய பெயர் வந்தால் பின் வாங்கிலில் இருந்து ஒருவன் குரலை மாற்றி ‘பிரசண்ட் ரீச்சர்’ என்கிறான், எல்லோரும் சிரிக்கிறார்கள். போன கிழமை அவனுடைய முகத்தை வெட்டி ஒரு நடிகையின் உடம்பில் ஒட்டி ஸ்டிக்கர் செய்து வகுப்பு வட்சப் குழுவில் விட்டிருந்தார்கள். அவனும் அந்தக் குழுவில் இருக்கிறான். பதிலுக்கு அவனே சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டிருந்தான், அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

ஏசினால் ஒரு கிழமை அடங்குவார்கள், அப்புறம் பழையபடிதான். ஆண்களை விரும்புகிற ஆண்களும் பெண்களை விரும்புகிற பெண்களும் எங்களோடு வாழ்கிற மனிதர்கள் என்பதை இந்த வயதுப் பிள்ளைகளுக்கு முறையாக விளங்கப்படுத்த வேண்டும் என்று நினைக்கிறேன். இதற்குள் ஒரு பெட்டை வந்து ‘லெஸ்பியன் என்றால் அது ஒரு வருத்தமா ரீச்சர்’ என்று மெல்லமாகக் கேட்டாள். பகிடிக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். என்ன சொல்லலாம்? இதைப் பற்றிக் கதைப்பது சட்டப்படி பிரச்சினையா? பெற்றோர் வந்து நின்றால் என்ன செய்வது?

பழைய வாத்தியார் எழுதியது:

தங்கச்சி, இதில் இரண்டு விசயம் இருக்கிறது, இரண்டையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். ஸ்டிக்கரை இன்றைக்கே நிற்பாட்ட வேண்டும். செய்தவனைத் தனியாகக் கூப்பிட்டு, அவனுடைய போனில் இருந்து அழிக்கச் சொல்லி, குழுவிலும் அழிக்க வையுங்கள். எல்லோருக்கும் முன்னால் வைத்து வெட்கப்படுத்தினால் அந்தக் கோபம் முழுக்க மற்றப் பெடியன்மேல்தான் போய் விழும். ‘ஒருவரின் உடம்பையும் குரலையும் வைத்துப் பகிடி பண்ண இந்த வகுப்பில் இடமில்லை’ என்றால் போதும், அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

தன்பாலீர்ப்பைப் பற்றிய கதையை இரண்டு மூன்று கிழமை தள்ளி எடுங்கள். அடுத்த நாளே எடுத்தால் வகுப்பு முழுக்க அவனைத்தான் திரும்பிப் பார்க்கும். அவன் யாரை விரும்புகிறான் என்று உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, ஒருவேளை அவனுக்கே இன்னும் தெரியாமல் இருக்கும். மெல்லிய குரல் உள்ளவன் எல்லாம் ‘கே’, அதாவது ஆண்களை விரும்புகிறவன், இல்லை, தடித்த குரலில் கத்தி வொலிபோல் விளையாடுகிறவன் கேயாகவும் இருக்கலாம். ஆளை ஊகிக்கிற வேலையே வேண்டாம் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். அவனிடம் போய் ‘நீ அப்படியா தம்பி’ என்று அன்பாகக்கூடக் கேட்க வேண்டாம். அவனாக வந்து சொன்னால் கேளுங்கள், கேட்டதை வீட்டுக்கோ அதிபருக்கோ கொண்டுபோகாதீர்கள். அவன் தன்னைத்தானே ஏதாவது செய்துவிடுவான் என்றோ, யாரோ அவனைத் துன்புறுத்துகிறார்கள் என்றோ தெரிந்தால் உதவி தேட வேண்டும், அப்போதும் அவனுக்குச் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

அந்தப் பிள்ளைக்கு உள்ள பதில் நேரானது. வருத்தம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17ஆம் திகதியே நோய்ப் பட்டியலில் இருந்து இதை எடுத்துவிட்டது, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அதற்கும் முதல், 1973இல் எடுத்தது. வருத்தம் இல்லாததற்கு மருந்தும் இல்லை. இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தாதீர்கள், நீங்கள் கூச்சப்பட்டால் கூச்சத்தைத்தான் அவள் படித்துக்கொண்டு போவாள்.

வடமராட்சியான் எழுதியது:

அக்கா, நான் ஆண்களை விரும்புகிறவன், வயது நாற்பது தாண்டிவிட்டது. நான் படித்த காலத்தில் இதே பட்டப்பெயர் எனக்கும் இருந்தது. பெடியள் சொன்னதெல்லாம் இப்போது மறந்துபோய்விட்டது. கேட்டும் கேட்காத மாதிரிக் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருந்த ஆசிரியர்மாரைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. நீங்கள் இதைக் கேட்டு இங்கே எழுதியிருப்பதே பெரிய விசயம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். எங்களைப் பாவப்பட்ட சனமாக மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டாதீர்கள். எயிட்ஸ், தற்கொலை, கண்ணீர் என்றே தொடங்கி அதிலேயே முடித்தால் பிள்ளைகள் இரங்குவார்கள், மதிக்க மாட்டார்கள். நான் கணக்கு வேலை பார்க்கிறேன், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன், நல்லூர்த் தேருக்கு லீவு போட்டு வந்து வடம் பிடிக்கிறேன், ஒருவரோடு பல வருசமாகக் குடும்பமாக இருக்கிறேன், யார் சமைப்பது என்று சண்டையும் பிடிக்கிறோம். அதையும் சொல்லுங்கள். இப்படி ஆட்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள், இருக்கிறார்கள், வெளிநாட்டில் இருந்து வந்த பழக்கம் இல்லை என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. அந்த வாங்கில்களில் உண்மையாகவே அப்படி ஒரு பிள்ளை இருக்கும், நீங்கள் நினைக்கிற பிள்ளையாக அது இருக்காது. சத்தம் போடாமல் கேட்டுக்கொண்டிருக்கிற அந்தப் பிள்ளைக்குத்தான் கதைக்கிறோம் என்று நினைத்துக் கதையுங்கள்.

தகப்பன் ஒருவன் எழுதியது:

எனக்கும் ஓ.எல். படிக்கிற மகன் இருக்கிறான். பகிடிவதை பிழைதான், அதில் மறுப்பில்லை. ஆனால் இந்த வயதில் இதையெல்லாம் கதைத்தால் பிள்ளைகள் அந்தப் பக்கம் போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. எங்கள் சமயம், பண்பாடு என்றும் ஒன்று இருக்கிறதே.

வடமராட்சியான் எழுதியது:

ஐயா, நீங்கள் நேராகக் கேட்டதற்கு நன்றி. எனக்குச் சின்ன வயதில் காட்டினதெல்லாம் ஆண் பெண் காதல்தான், படத்தில், பாட்டில், கலியாண வீட்டில், எல்லா இடத்திலும். அதைப் பார்த்து நான் மாறவில்லையே. வகுப்பில் ஒரு மணித்தியாலம் கதைத்ததால் உங்கள் மகனும் மாற மாட்டான். ஆனால் அவனுக்குள் அது ஏற்கனவே இருந்தால், உங்களிடம் வந்து சொல்லலாமா கூடாதா என்பதை நீங்கள் இப்போது வீட்டில் கதைக்கிற விதத்தை வைத்துத்தான் அவன் முடிவெடுப்பான்.

சுன்னாகத்துப் பெட்டை எழுதியது:

எல்லோரும் பெடியளைப் பற்றியே எழுதுகிறீர்கள். பெண்ணை விரும்புகிற பெண்ணுக்குப் பட்டப்பெயர் வைக்க மாட்டார்கள், போனைப் பறிப்பார்கள், டியூசனை நிற்பாட்டுவார்கள், சாதகத்தைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை பார்க்கப் போய்விடுவார்கள். ‘கலியாணம் கட்டினால் எல்லாம் சரியாகும்’ என்று அம்மாமார் உண்மையாகவே நம்புகிறார்கள். ஒன்றும் சரியாகாது, இரண்டு பேருடைய வாழ்க்கை கெடும். அந்தப் பிள்ளை கேட்ட கேள்வியை லேசாக எடுக்க வேண்டாம் ரீச்சர். யாருக்காகக் கேட்கிறாய் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

சட்டம் படித்தவன் எழுதியது:

சட்டக் கேள்விக்குச் சொல்கிறேன். ஒரே பாலினத்தவரின் உடலுறவைக் குற்றமாக்குகிற, இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. பிரித்தானியர் எழுதி வைத்துவிட்டுப் போனவை, பண்பாடு பற்றிக் கேட்ட ஐயாவும் இதைக் கவனிக்க வேண்டும். 1995 திருத்தம் வரும்வரை 365அ ஆண்களை மட்டும்தான் பிடித்தது, அந்தத் திருத்தத்தோடு பெண்களும் உள்ளே வந்துவிட்டார்கள். 2023இல் இதை நீக்கப் பாராளுமன்றத்துக்கு ஒரு தனிநபர் சட்டமூலம் வந்தபோது, அது அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னது, ஆனால் சட்டமூலம் நிறைவேறவில்லை. இந்தப் பிரிவுகள் தண்டிப்பது செயலை. ஒருவர் தன்பாலீர்ப்பு உள்ளவராக இருப்பதோ, நீங்கள் வகுப்பில் மரியாதையைப் பற்றிக் கதைப்பதோ குற்றம் இல்லை.

பெரியவர்கள் தயங்குகிற இடத்தில் ஒரு உதாரணம் சொல்லலாம். சென்னை உயர் நீதிமன்றத்தில் மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்களின் வழக்கு வந்தபோது நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கே இது சரியாக விளங்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரிடம் போய் இருந்து கேட்டுப் படித்துவிட்டுத்தான் 2021 ஜூனில் உத்தரவு எழுதினார். ‘மாற்றுகிறோம்’ என்று செய்கிற சிகிச்சைகளுக்குத் தடை சொன்னதும் அதே உத்தரவுதான். நீதிபதியே படிக்கப் போனார் என்றால் பெற்றோரும் ஒரு மணித்தியாலம் இருந்து கேட்கலாம்.

மாலைவகுப்பு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஸ்டிக்கர் அழிந்துவிட்டது, செய்தவனோடு தனியாகக் கதைத்தேன், தலையைக் குனிந்துகொண்டு நின்றான், பார்ப்போம். அந்தப் பிள்ளைக்கு வருத்தம் இல்லை என்று சொன்னேன், ‘சரி ரீச்சர்’ என்றுவிட்டுப் போய்விட்டாள். வகுப்புக் கதையை அடுத்த மாதம் எடுக்கிறேன். பெற்றோருக்கு முதலே அறிவிக்க வேண்டுமா?

பழைய வாத்தியார் எழுதியது:

நிலைய நிர்வாகத்துக்கு முதலே சொல்லிவிடுங்கள், பிறகு ஒளித்துச் செய்ததாக வரக்கூடாது. பெற்றோருக்குப் பகிடிவதையும் மரியாதையும் பற்றிய வகுப்பு என்று சொல்லலாம், விரும்பினால் வந்து இருங்கள் என்றும் சொல்லுங்கள். கேட்டால் தன்பாலீர்ப்பைப் பற்றியும் கதைப்போம் என்று மறைக்காமல் சொல்லுங்கள். எந்தப் பிள்ளையின் பெயரும் உங்கள் வாயில் இருந்து வரக்கூடாது, அந்தப் பெடியனின் தாய் தகப்பனிடம்கூட ‘உங்கள் மகனைப் பகிடி பண்ணுகிறார்கள்’ என்பதற்கு மேல் போகாதீர்கள், அதையும் அவனைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பிள்ளைகள் கேள்விகளைப் பெயர் போடாமல் எழுதிப் போட ஒரு பெட்டி வையுங்கள், எல்லோருமே ஒரு துண்டு போட வேண்டும், கேள்வி இல்லாதவர் வெறும் துண்டு போடட்டும், அப்போது யார் எழுதினது என்று தெரியாது. 1926 மனநல உதவி இலக்கத்தையும் 1929 சிறுவர் உதவி இலக்கத்தையும் அறிவித்தல் பலகையில் டெங்கு, இரத்ததான அறிவித்தல்களுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள், யாரையும் கேட்காமல் பார்த்து எழுதிக்கொண்டு போகலாம்.