பேஸ்பால்: ட்ரிபிள்-ஏ இடக்கை பேட்டரின் ஸ்பிளிட்ஸ் (இருகை பிட்சர்களிடமும் தனித்தனிக் கணக்கு): விட்டுவிடலாமா?

கேட்டவர்: வணக்கம். என் பேண்டசி அணியில் (உண்மையான ஆட்டக்காரர்களைத் தேர்ந்து நாமே அமைக்கும் கற்பனை அணி) உள்ள இடக்கை பேட்டர் ஒருவர், மேஜர் லீக்கிற்கு ஒரு படி கீழான ட்ரிபிள்-ஏயில் ஆடுகிறார். வலக்கை பிட்சர்களிடம் (பந்தெறிபவர்கள்) .300க்கு மேல் சராசரியில் அடிக்கிறார், இடக்கை பிட்சர்களிடம் .185 மட்டுமே. மேஜர் லீக்கிற்குப் போனால் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாரோ என்று அஞ்சுகிறேன். இவரை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு இன்றிரவு 9 மணியோடு முடிகிறது. விரைவில் சொல்லுங்கள்.

மறுமொழி 1: இடக்கை பிட்சர்களை எத்தனை முறை எதிர்கொண்டார்? எந்த லீக், சொந்த மைதானம் எது? இவை தெரியாமல் எதுவும் சொல்ல இயலாது.

மறுமொழி 2: பசிபிக் கோஸ்ட் லீக் (ட்ரிபிள்-ஏயின் இரு லீக்குகளில் ஒன்று) என்றால் முதலில் மைதானத்தின் உயரத்தைப் பாருங்கள். அல்புகர்க்கி மைதானம் 5,000 அடிக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் அடித்த பந்து தொலைவு போகும், சுழற்றி எறிந்த பந்தோ குறைவாகவே வளையும். என் கருத்தில் கையைவிட மைதானமே பெரிய காரணம்.

மறுமொழி 3: எண்ணிக்கை இல்லாமல் சராசரியை மட்டும் எழுதிக் கேட்பவர்களுக்கு நான் பலமுறை விளக்கிவிட்டேன். அடிப்படையைப் படித்துவிட்டு வந்து கேட்பதே முறை. மேலும், பிட்சர்களில் பெரும்பான்மையினர் வலக்கைக்காரர்கள் என்பதால், வலக்கை பிட்சர்களை மட்டும் அடிக்கும் இடக்கை பேட்டரும் பெரும்பாலான நாள்களில் ஆடுவார். பெஞ்ச் பற்றிய அச்சமே தவறானது.

கேட்டவர்: மன்னிக்கவும். 62 முறை, அதில் 54 அட்-பேட் (வாக் போன்றவை நீங்கலாக, சராசரிக்குக் கணக்கில் வருபவை), 10 ஹிட் (அடித்துவிட்டு பேஸை எட்டியவை). சொந்த மைதானம் அல்புகர்க்கிதான்.

மறுமொழி 1: அப்படியானால் கேள்வியே மாறிவிடுகிறது. ஐந்து பந்துகள் பீல்டர் கைக்குப் போகாமல் விழுந்திருந்தால் 54க்கு 15, அதாவது .278 ஆகியிருக்கும். அதோடு, 2021 முதல் ட்ரிபிள்-ஏ தொடர்கள் பெரும்பாலும் ஒரே ஊரில் ஆறு ஆட்டங்களாக நடப்பதால், ஒரே இடக்கை பிட்சரை ஒரு வாரத்தில் இருமுறை சந்திக்க நேரலாம். இந்த 62 முறையும் ஒரு சில பிட்சர்களிடமிருந்தே வந்திருக்கக்கூடும். சராசரியை விடுத்து ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் ஆகி ஆட்டமிழப்பது) விகிதத்தைப் பாருங்கள், ஏனெனில் அது ஏறத்தாழ 60 முறையிலேயே ஓரளவு நிலைபெறும், சராசரி நிலைபெறப் பல நூறு முறை வேண்டும்.

மறுமொழி 2: சொந்த மைதான ஆட்டங்களை நீக்கிவிட்டு, வெளியூரில் இடக்கை பிட்சர்களிடம் எப்படி ஆடினார் என்று பாருங்கள்.

மறுமொழி 1: 62ஐயும் இரண்டாகப் பிளந்தால் கையில் என்ன மிஞ்சும், நண்பரே?

மறுமொழி 4: வாக் (ஸ்ட்ரைக் அல்லாத நான்கு பந்துகளால் முதல் பேஸைப் பெறுவது) விகிதத்தை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடுகிறவர்கள் கவனிக்கவும். 2023இல் ட்ரிபிள்-ஏயில் வாரத்தின் முதல் பாதியில் பேட்டர் அடிக்க முயலாமல் விட்ட எல்லாப் பந்துகளும் ஸ்ட்ரைக்கா இல்லையா என்று, நடுவருக்குப் பதில் கருவியே தீர்ப்பளித்தது. 2024 ஜூன் இறுதியிலிருந்து முறையீடு செய்தால் மட்டுமே கருவி.

மறுமொழி 3: அது இரு கை பிட்சர்களுக்கும் பொதுவானது. இந்தக் கேள்விக்குத் தொடர்பில்லை.

மறுமொழி 4: தொடர்பு உண்டு, ஐயா. மனித நடுவர்கள் இடக்கை பேட்டர்களுக்கு வெளிப்புற ஸ்ட்ரைக்கை அகலமாகக் கொடுப்பது நெடுங்காலமாக அறியப்பட்டதே. இடக்கை பிட்சரின் ஸ்லைடர் (பக்கவாட்டில் வளையும் பந்து) அந்தப் பக்கமாகவே விலகிப் போகிறது. கருவி அந்த அகலத்தை எடுத்துவிடும்போது, இருவகை பிட்சர்களிடமும் மாற்றம் ஒரே அளவில் இருக்கும் என்று எப்படிச் சொல்வீர்கள்?

மறுமொழி 3: அளவைக் காட்டாமல் அதை வாதமாக ஏற்க முடியாது.

கேட்டவர்: 62 முறையில் 15 ஸ்ட்ரைக் அவுட், வலக்கை பிட்சர்களிடமும் ஏறத்தாழ அதே விகிதம்தான். மாற்றவில்லை. நன்றி.