கிரேட்ஃபுல் டெட்: உச்சம் எந்தக் காலம், சரிவு எந்தக் காலம்?

சுழல்வட்டு கேட்டது:

கிரேட்ஃபுல் டெட்ங்கிற அமெரிக்க ராக் குழுவைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே எல்லாரும் 1977 மே 8 கார்னெல் கச்சேரியைத்தான் கையில் திணிக்கிறாங்க. நல்லாத்தான் இருக்கு, மறுக்கலை. ஆனா அதே குழுவை 1974-ல கேட்டா வேற யாரோ வாசிக்கிற மாதிரி இருக்கு. 1984-ல கிதார் வாசிச்சுப் பாடுற ஜெர்ரி கார்சியாவுக்குத் தொண்டை கட்டிப்போன குரல், டிரம்ஸ் தகரத்துல தட்டின மாதிரி. 1994-ல பாதிப் பாட்டுல வரியே காணோம். 1965-லிருந்து 1995 வரைக்கும் முப்பது வருஷம், ஏறக்குறைய 2,300 கச்சேரி. எல்லாத்தையும் கேட்டு முடிக்க ஆயுள் போதாது.

உங்க கணக்குல உச்சம் எது, அடிமட்டம் எது? முக்கியமா, மோசமா கேட்குதுன்னா அது வாசிப்போட குறையா, டேப்போட குறையா? "எல்லாக் காலமும் அழகுதான்" வகைப் பதில் வேணாம். தேதியும் காரணமும் சொல்லுங்க.

ஒற்றைத்தாளம்:

1972 முதல் 1974 வரை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. காரணம் கார்சியா இல்லை, டிரம்ஸ்.

இரண்டு டிரம்மர்களில் ஒருவரான மிக்கி ஹார்ட் 1971 பிப்ரவரியில் போர்ட் செஸ்டர் கச்சேரிகளின்போது விலகினார். 1974 அக்டோபர் 20, வின்டர்லேண்ட் கடைசி இரவில்தான் மறுபடி மேடை ஏறினார். இடைப்பட்ட மூன்றரை ஆண்டுக்கும் மேல் பில் க்ரூட்ஸ்மன் ஒற்றை ஆள். ஒருவர் மட்டும் வாசிக்கும்போது தாளத்தை எந்த நொடியிலும் திருப்பலாம், பாதியில் விடலாம், ஜாஸ் போல சிம்பலில் மட்டும் நடக்கலாம். இருவர் என்றால் முதலில் அவர்களுக்குள் ஒத்துப்போக வேண்டும். அதற்குள் கார்சியாவும் பேஸ் கிதார் வாசிக்கும் லெஷும் அடுத்த திருப்பத்துக்குப் போயிருப்பார்கள். 1971 அக்டோபரில் கீத் காட்ஷா பியானோவுக்கு வந்ததும் சேர்ந்துகொண்டது. அந்த ஆண்டுகளில் அவர் பின்பாட்டுக்காரர் இல்லை, ஜாமை, அதாவது பாட்டின் நடுவில் கற்பனையாக நீட்டி வாசிக்கும் பகுதியை, தள்ளிக்கொண்டு போகிறவர்.

சோதித்துப் பார்க்க ஒரே பாட்டை எடுங்கள். 'தே லவ் ஈச் அதர்' 1973-ல் துள்ளி ஓடும், நடுவில் கூடுதலாக ஒரு பகுதியும் உண்டு. 1976-ல் அந்தப் பகுதி போய்விட்டது, வேகமும் பாதியானது போல இருக்கும். இரண்டு டிரம்ஸ் திரும்பி வந்ததன் விலை அது.

தேதிகள்: 1972 ஏப்ரல், மே ஐரோப்பியப் பயணம், 22 கச்சேரி, எல்லாமே 16 தனித்தனி டிராக்கில் பதிவானவை. 1972 ஆகஸ்ட் 27 ஓரிகானின் வெனிட்டா, அரை மணி நேர 'டார்க் ஸ்டார்'. 1974 மே 21 சியாட்டில், 'பிளேயிங் இன் தி பேண்ட்' மட்டும் 46 நிமிடம். அந்த 46 நிமிடத்தில் ஓர் இடம்கூட நேரம் கடத்துவதற்காக வாசித்தது இல்லை.

1974-ல் குரல்கள் மெலிந்து கேட்பது உண்மை. அது பாடுகிறவர் குறையில்லை, வால் ஆஃப் சவுண்ட் என்ற அவர்களின் ஒலியமைப்பு செய்த வேலை. ஏறக்குறைய 75 டன் எடையுள்ள ஸ்பீக்கர் சுவர் முழுக்கக் குழுவுக்குப் பின்னால் நின்றது. சுவரின் ஒலி மைக்கில் ஏறி ஊளையிடாமல் இருக்க ஒவ்வொருவருக்கும் இரண்டு மைக், ஒன்றுக்கொன்று எதிர்முனையில் இணைத்திருந்தார்கள். இரண்டிலும் சமமாக வந்து விழும் சத்தம் ரத்தாகிவிடும், மேல் மைக்கில் ஒட்டிப் பாடும் குரல் மட்டும் மிஞ்சும். தலை கொஞ்சம் விலகினால் குரலும் சேர்ந்து ரத்தாகும். கனமே இல்லாத அந்த மூக்கொலி அங்கிருந்து வருகிறது.

மே_மாதக்_கட்சி:

ஒற்றை டிரம்ஸ் வாதம் பாதி சரி. 1976-க்குப் பொருந்தும், 1977-க்குப் பொருந்தாது.

1974 அக்டோபரோட கச்சேரிப் பயணத்தை நிறுத்திட்டு 1976 ஜூனில் திரும்பி வந்தப்போ எல்லாம் தொளதொளன்னுதான் இருந்துச்சு, ஒத்துக்கிறேன். ஆனா 1977 தொடக்கத்துல 'டெர்ரபின் ஸ்டேஷன்' ஆல்பத்துக்காகத் தயாரிப்பாளர் கீத் ஓல்சன் அவங்களைத் திரும்பத் திரும்ப வாசிக்க வெச்சார். அந்தப் பழக்கம் அப்படியே மேடைக்கு வந்துச்சு. க்ரூட்ஸ்மன் தாளத்தைப் பிடிச்சுக்கிட்டார், ஹார்ட் அதுக்கு மேல நிறம் சேர்த்தார். இரண்டு பேரும் ஒரே வேலையைச் செய்றதை நிறுத்தினதும் இரட்டை டிரம்ஸ் சுமையா இல்லாம பலமாயிடுச்சு. மார்ச் 18-ல 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' முடியுற இடத்துல 'ஃபயர் ஆன் தி மவுண்டன்' முதல்முறையா ஒட்டிக்கிச்சு. கார்சியா மியூ-டிரான் ஃபில்டரோட வாசிக்கிற அந்தக் குழைவான ஒலி இல்லாம இந்த இணைப்பை யோசிக்கவே முடியாது.

கார்னெலுக்கு இவ்வளவு பேர் வந்ததுல பாதிப் பங்கு குழுவோட ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் எடுத்த பதிவுக்குப் போகணும். பேஸ் கிதாரின் ஒவ்வொரு ஸ்வரமும் தனியா நிக்கும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுத் தொகுப்புல 2011-க்கான பட்டியல்ல அது இடம் பிடிச்சுது. அதிகாரபூர்வமா வெளிவந்தது 2017-லதான். ஆனா மறுநாள் மே 9 பஃபலோவைக் கேளுங்க. தொடக்கமே 'ஹெல்ப் ஆன் தி வே', 'ஸ்லிப்நாட்', 'ஃபிராங்க்ளின்ஸ் டவர்' மூணும் ஒரே மூச்சுல. என் கணக்குல கார்னெலைவிட ஒரு படி மேல.

1974 ரசிகர்கள் சொல்ற ஒரு குறை நியாயம்: 1977-ல ஜாம் பாட்டோட வேலிக்குள்ளயே நடக்குது, வேலியைத் தாண்டிக் காட்டுக்குள்ள போறதில்லை. அதைத்தான் தேடுறீங்கன்னா இது உங்க ஆண்டு இல்ல.

இந்த அமைப்பு கலைஞ்சதும் சீக்கிரம்தான். 1978-ல கீத் பியானோ மங்கிப்போச்சு. பல இடத்துல கார்சியா வாசிச்சதையே எதிரொலிக்கிறார், பதில் சொல்றதில்ல. அந்த செப்டம்பர் எகிப்து கச்சேரிகளுக்கு இடத்தின் கவர்ச்சியில நிறைய மதிப்பெண் போடுறாங்க. க்ரூட்ஸ்மன் மணிக்கட்டு முறிஞ்சு ஒரு கையால வாசிச்ச கச்சேரிகள் அவை. தாளம் ஏன் கனமில்லாம இருக்குன்னு இப்போ புரியும்.

கீழ்ப்படி:

உச்சத்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அடிமட்டத்துக்கு வருவோம். வழக்கமாகக் கைகாட்டுவது இரண்டு காலங்களை: 1983–86, 1994–95. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது.

1983–86-ல் கெட்டது முதன்மையாகக் கார்சியாவின் உடம்பும் குரலும். போதைப் பழக்கம் முற்றி, 1986 ஜூலையில் நீரிழிவால் கோமாவில் விழும் வரை போனது. ஆனால் குழு வேகமாகவே வாசித்தது, சில நாள் தேவைக்கு மேல் வேகமாக. கீத்துக்குப் பின் கீபோர்டுக்கு வந்த பிரெண்ட் மிட்லண்டின் ஹாமண்ட் ஆர்கனும் உயர்ந்த குரலும் இழுத்துக்கொண்டு போயின. 1983 அக்டோபர் 14 ஹார்ட்ஃபோர்ட், 1985 ஜூன் 24 சின்சினாட்டி, 1985 நவம்பர் 1 ரிச்மண்ட். இவற்றைக் கேட்டுவிட்டு எண்பதுகள் வீண் என்று சொல்லுங்கள். அந்த ஆண்டுகளின் கெட்ட பெயரில் பெரும்பகுதி பதிவு முறையால் வந்தது. பல டிராக் பதிவு அரிது, கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் கேசட்.

1994–95 வேறு. அங்கே டேப் சுத்தம், வாசிப்புதான் இல்லை. கார்சியா வரிகளை விடுகிறார், தனி வாசிப்பைத் தொடங்கி முடிவு தெரியாமல் நிறுத்துகிறார், வேகம் இறங்கிக்கொண்டே போகிறது. அதற்குச் சில காலம் முன்பே எல்லாரும் காதுக்குள் வைக்கும் மானிட்டருக்கு மாறியிருந்தார்கள். மேடையில் காற்று வழியே ஒருவரை ஒருவர் கேட்டு வளர்ந்த குழு இது. ஒவ்வொருவர் காதிலும் தனித்தனி மிக்ஸ் என்றானதும், ஒருவர் தடுமாறும்போது மற்றவர் தாங்கிப் பிடிப்பது குறைந்தது. வின்ஸ் வெல்னிக்கின் கீபோர்டு ஒலிகளைத் திட்டுகிறவர்கள் உண்டு. ஒலித்தேர்வு எனக்கும் பிடிக்காது, ஆனால் சரிவுக்கு அவரைக் காரணம் காட்டுவது அநியாயம். 1990 ஜூலை 26 பிரெண்ட் இறந்து, ஆறு வாரத்தில் புது ஆள் மேடையில். புரூஸ் ஹார்ன்ஸ்பியும் பெரிய பியானோவோடு கூட இருந்த 1991-ல் அந்தக் குறை தெரியவே இல்லை. செப்டம்பர் 25 பாஸ்டன் கார்டன் போதும் சான்றுக்கு. ஹார்ன்ஸ்பி 1992 மார்ச்சில் விலகிய பிறகுதான் ஓட்டை தெரிந்தது.

மோசமான ஆண்டிலும் நல்ல இரவு உண்டு: 1994 அக்டோபர் 1, பாஸ்டன். ஆனால் அப்படி ஓர் இரவுக்கு எத்தனை இரவைத் தள்ள வேண்டும் என்பதுதான் ஓர் ஆண்டின் தரம்.

இந்த இழையில் யாரும் 1989 இலையுதிர் காலம் முதல் 1990 வசந்தம் வரையைச் சொல்லாதது ஆச்சரியம். கார்சியா தேறி வந்திருக்கிறார், பிரெண்ட் உச்சத்தில். 1989 அக்டோபர் 8, 9 ஹாம்ப்டன். இரண்டாம் நாள் 'டார்க் ஸ்டார்' ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் வருகிறது. 1990 மார்ச் 29 நியூயார்க்கின் நாசாவ் கொலீசியம் அரங்கில் பிரான்ஃபோர்ட் மார்சாலிஸ் சாக்ஸபோனோடு. என் பட்டியலில் 1977-க்கு முன்னால் இது நிற்கும்.

நாடாக்காரன்:

டேப்பா வாசிப்பா என்ற கேள்விக்கு யாரும் முழுசாகப் பதில் சொல்லவில்லை. பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது.

சவுண்ட்போர்டு டேப் என்பது அரங்க ஸ்பீக்கருக்குப் போன கலவையின் நகல். மேடையில் ஏற்கெனவே சத்தமாக இருப்பதை அரங்கக் கலவையில் குறைவாகத்தான் போடுவார்கள். அதனால் டேப்பில் குரல் முன்னால் துருத்தும், கிதாரும் டிரம்ஸும் சுருங்கும். அரங்கம் சிறிதாக ஆக இது கூடும். 1984-ல் டிரம்ஸ் தகரமாகக் கேட்டால் அதே நாளின் ஆடியன்ஸ் டேப்பை, அதாவது ரசிகர்கள் அரங்கில் மைக் வைத்து எடுத்ததை, தேடுங்கள். அங்கே டிரம்ஸ் முழுசாக இருந்தால் குறை டேப்பில், அங்கேயும் இழுவையாக இருந்தால் வாசிப்பில். இன்டர்நெட் ஆர்க்கைவில் ஆடியன்ஸ் பதிவுகளை இறக்கிக்கொள்ளலாம், சவுண்ட்போர்டுகளைப் பெரும்பாலும் அங்கேயே கேட்க மட்டும்தான் முடியும். 1984 அக்டோபரில் பதிவுக்காரர்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கினார்கள். பதிவுகள் பெருகின, ஆனால் அந்த இடம் ஒலிக்கலவை மேசைக்குப் பின்னால். முன்வரிசையில் ஒளித்து எடுத்த பழைய டேப்புகளின் நெருக்கம் அதில் வராது.

அடுத்தது வேகம். "இழுக்குது", "பரபரன்னு இருக்கு" என்று வரும் தீர்ப்புகளில் கணிசமானவை டேப் டெக்கின் வேகக் கோளாறு. பிரெண்ட் காலம் என்றால் நீண்டு நிற்கும் ஹாமண்ட் ஆர்கன் ஸ்வரம் ஒன்றை எடுங்கள். அதன் மோட்டார் மின்சார அலைவெண்ணோடு பூட்டியது, சுருதி நகராது. கீத் காலத்துக்குப் பியானோ. ட்யூனரில் 20 சென்ட் ஏறியிருந்தால் வேகத்தை 1.15 சதவீதம் குறைக்கணும்; முழு அரைஸ்வரம், அதாவது 100 சென்ட் ஏறியிருந்தால் 5.6 சதவீதம். எடிட்டரில் சுருதியை மட்டும் மாற்றும் கருவியைத் தொடாதீர்கள். வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் கருவிதான் வேணும், தவறு நடந்ததும் அப்படித்தான். சுருதி போகப்போக ஏறினால் பதிவுக்கருவியின் பேட்டரி செத்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம்: மெதுவாகப் பதிவானது, சரியான வேகத்தில் ஓட்டும்போது வேகமாகக் கேட்கும். அதைத் துண்டுதுண்டாகத்தான் சரிசெய்யணும்.

மந்தமாக, போர்வை போர்த்தின மாதிரி கேட்கும் கேசட் நகல்களில் பெரும்பாலும் டால்பி என்ற இரைச்சல் குறைப்பு முறையால் வந்த குழப்பம். டால்பி இல்லாமல் பதிந்ததை டால்பி போட்டு ஓட்டியிருப்பார்கள், மேல் ஒலி காணாமல் போயிருக்கும். 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம்தான் என்பதையும் மனதில் வையுங்கள். இரண்டாம் செட்டின் நீண்ட ஜாம் நடுவில் வெட்டு விழுந்தால் குழு தடுமாறியதாகத் தோன்றும்.

மேட்ரிக்ஸ் பதிவுகள், அதாவது சவுண்ட்போர்டையும் ஆடியன்ஸ் டேப்பையும் கலந்தவை, நன்றாக அமைந்தால் அதற்கு ஈடில்லை. ஆனால் மைக் மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருந்தால் ஒலி சுமார் 87 மில்லிநொடி தாமதமாக வரும். அதைச் சரிக்கட்டாமல் கலந்ததில் டிரம்ஸ் இரட்டையாக அடிக்கும். தொடக்கத்தில் ஒட்டியிருந்து பத்து நிமிடத்தில் பிரிந்தால், இரண்டு டெக்கும் வெவ்வேறு வேகத்தில் ஓடியவை.

சுழல்வட்டு:

1984 அக்டோபர் 12 அகஸ்டாவை இரண்டு வகையிலும் வெச்சுப் பார்க்கிறேன். 1960-களைப் பற்றி யாரும் வாயே திறக்கலையே? அது கணக்குலயே இல்லையா?

ஒற்றைத்தாளம்:

இருக்கிறது, தனிக் கணக்கு. 1969 பிப்ரவரி 27 ஃபில்மோர் வெஸ்ட், 16 டிராக், 'லைவ்/டெட்' ஆல்பத்தின் 'டார்க் ஸ்டார்' அந்த இரவுதான். 1970 பிப்ரவரி 13, 14 ஃபில்மோர் ஈஸ்ட், குழுவின் பாடகர் பிக்பென் முழு வீச்சில் இருக்கும் இரவுகள். அப்போதும் இரண்டு டிரம்ஸ்தான் என்று யாராவது மடக்குவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அன்று கையில் இருந்த பாட்டுகள் கொஞ்சம், அதையே இரவுக்கு இரவு அரைத்ததால் இருவருக்கும் ஒவ்வொரு திருப்பமும் தெரியும்.

மே_மாதக்_கட்சி:

அப்படின்னா பிரச்சினை டிரம்ஸ் எண்ணிக்கையில இல்ல, ஒத்திகையிலன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. அதைத்தான் 1977-க்கும் நான் சொன்னேன்.