'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' இசைத்தட்டில் பாடல்கள் சீக்கிரம் முடிகின்றன: பழுது எங்கே?

கேட்டவர்

வணக்கம். டையர் ஸ்ட்ரெயிட்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' ஆல்பத்தைப் பல ஆண்டுகளாகக் குறுந்தகட்டில் கேட்டு வருகிறேன். போன மாதம் அதன் பழைய இசைத்தட்டு ஒன்று கைக்குக் கிடைத்தது. 1985ஆம் ஆண்டுப் பதிப்பு, கீறல் அதிகம் இல்லை. ஆசையோடு போட்டேன். முதல் பக்கத்தின் கடைசிப் பாடல் 'வொய் வொரி'. பாட்டு ஓய்ந்த பிறகு கிட்டாரும் கீபோர்டும் ஒன்றோடொன்று மெல்லப் பேசிக்கொண்டே போகுமே, அந்த இடத்துக்காகத்தான் நான் அதைக் கேட்பதே. தட்டில் அதில் பெரும்பகுதி இல்லை. ஒலி மங்கி, ஊசி நடுவட்டத்துக்குப் போய்விட்டது.

கடிகாரம் வைத்துப் பார்த்தேன். குறுந்தகட்டில் 8 நிமிடம் 31 விநாடி, தட்டில் 5 நிமிடம் 22 விநாடி. 'மணி ஃபார் நத்திங்', 'யுவர் லேட்டஸ்ட் ட்ரிக்' ஆகியவையும் குறைகின்றன. விற்றவரிடம் கேட்டால், "உங்கள் டர்ன்டேபிள் வேகமாகச் சுற்றுகிறது, பெல்ட்டை மாற்றுங்கள்" என்கிறார். மாற்றிவிட்டேன், பயனில்லை. தட்டு போலியா? கருவியில் கோளாறா? தெரிந்தவர்கள் உதவுங்கள்.

சுழல்தட்டு

வேகம் காரணமாக இருக்கவே முடியாது. 511 விநாடிப் பாடல் 322 விநாடியில் முடிய வேண்டுமானால் தட்டு ஏறத்தாழ 1.6 மடங்கு வேகத்தில் சுற்ற வேண்டும். அப்போது சுருதி எட்டு அரைச்சுரம் ஏறிவிடும். ஷட்ஜத்தில் நிற்க வேண்டிய குரல் சுத்த தைவதத்தில் போய் நிற்கும். குழுவின் பாடகரும் கிட்டார் கலைஞருமான மார்க் நாஃப்ளரின் அந்தத் தாழ்ந்த குரல் சிறுபிள்ளைக் குரலாகியிருக்கும், நீங்கள் முதல் வரியிலேயே கண்டுபிடித்திருப்பீர்கள். 33க்குப் பதில் 45இல் ஓடவிட்டால்கூட அந்தப் பாடல் 6 நிமிடத்துக்கு மேல் வரும்.

மனநிறைவுக்கு ஒரு சோதனை செய்யுங்கள். லேபிளின் ஓரத்தில் சின்னக் காகிதத் துண்டு ஒட்டிச் சுற்றுகளை எண்ணுங்கள். 3 நிமிடத்தில் 100 சுற்று வந்தால் வேகம் சரி. பிறகு இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாடலையும் கடிகாரத்தோடு கேளுங்கள். ஏறத்தாழ 7 நிமிடம் வர வேண்டும்.

பழைய ஊசி

தம்பி, பெல்ட்டுக்குச் செலவு செய்வதற்கு முன்பே இங்கே கேட்டிருக்கலாம். உங்கள் தட்டு அசல், கருவியும் நலம். அந்த ஆல்பம் இசைத்தட்டில் அப்படித்தான் வெளிவந்தது.

குறுந்தகட்டில் மொத்தம் 55 நிமிடம். முதல் ஐந்து பாடல்களை மட்டும் கூட்டிப் பாருங்கள், 33 நிமிடத்துக்குச் சற்றே குறைவு. ஒரு பக்கத்தில் அவ்வளவையும் அடைத்தால் என்ன ஆகும்? தட்டில் ஒலி என்பது பள்ளத்தின் நெளிவு. ஓசை கூடக்கூட நெளிவு அகலும், தாழ்ந்த ஓசைகளுக்கு இன்னும் அகலும். நேரத்தை நீட்ட வேண்டுமென்றால் பள்ளங்களை நெருக்க வேண்டும். நெருக்கினால் நெளிவைக் குறைக்க வேண்டும், அதாவது ஒலியின் அளவையே இறக்க வேண்டும். இறக்கினால் தட்டின் இரைச்சல் மேலே தெரியும். பக்கத்துக்கு 20 நிமிடத்தை ஒட்டி நிறுத்துவது நல்லது என்பது தட்டு வெட்டுபவர்களின் வழக்கம். பாடல்களை இடம் மாற்றிப் பாதிப்பாதியாகப் பிரித்தாலும் பக்கத்துக்கு 27 நிமிடத்துக்கு மேல் வரும். ஆகவே முதல் பக்கத்துப் பாடல்களைச் சுருக்கி 25 நிமிடத்தில் நிறுத்தினார்கள். இரண்டாம் பக்கம் 22 நிமிடம்தான், அதைத் தொடவில்லை.

'வொய் வொரி' கடைசியில் இருப்பதையும் கவனியுங்கள். தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் விநாடிக்கு ஏறக்குறைய 50 செ.மீ. பள்ளம் ஓடுகிறது. உள்வட்டத்தில் 20 செ.மீ.தான். அங்கே உயர்ந்த ஓசைகள் நெருக்கடிக்குள்ளாகிச் சிதையும். மென்மையான பாடல் அந்த இடத்தில் பிழைத்துக்கொள்ளும், முழங்குகிற பாடல் பிழைக்காது.

என் கருத்தில் இதைச் சுருக்கம் என்பதைவிட, அந்த ஆல்பம் வேறொரு ஊடகத்தை மனத்தில் வைத்து வளர்ந்தது என்று சொல்வதே பொருத்தம். கரீபியத் தீவான மான்செராட்டில் பீட்டில்ஸ் குழுவின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் 1979இல் திறந்த ஏர் ஸ்டுடியோவில், சோனியின் 24 தட டிஜிட்டல் நாடாக் கருவியில் அதைப் பதிந்தார்கள். நாஃப்ளரோடு சேர்ந்து தயாரித்தவர் நீல் டார்ஃப்ஸ்மன். அறை சிறியது, 20 அடிக்கு 25 அடி. வாத்தியங்களைப் பிரித்து வைக்க இடமே இல்லை. ஹாமண்ட் என்ற மின் ஆர்கனின் ஒலியைச் சுழற்றித் தரும் லெஸ்லி ஸ்பீக்கரைக் கட்டுப்பாட்டு அறையை ஒட்டிய இடைவழியில் திணித்து வைத்தார்கள். பேஸ் கிட்டாரின் ஆம்ப்ளிஃபையர் பாடகர் நிற்கும் சிறு அறைக்குள் போனது. அந்த ஸ்டுடியோவின் ஓசையே அங்கிருந்த, நீவ் நிறுவனத்தின் ஒலிக்கலவை (மிக்ஸிங்) மேசையின் ஓசைதான் என்பது டார்ஃப்ஸ்மனின் கருத்து. புதிய நாடா துன்பமும் தந்தது. ஒரு தொகுதி நாடா பழுதாக இருந்ததால் ஆல்பத்தில் மூன்றில் ஒரு பங்கை இழந்து மறுபடி பதிந்தார்கள். அனலாக் நாடா பழுதானால் ஒலி குறைபட்டாவது மிஞ்சும். டிஜிட்டலில் ஒலி எண்களாகப் பதிவாகிறது. திருத்தும் எல்லையைத் தாண்டி எண்கள் தொலைந்துவிட்டால் அந்த இடமே போய்விடும்.

கேட்டவர்

ஐயா, மிக்க நன்றி. காகிதம் ஒட்டி எண்ணினேன். 100 சுற்று, 3 நிமிடம், அச்சுப் பிசகவில்லை. இரண்டாம் பக்கத்தின் நான்கு பாடல்களும் குறுந்தகட்டோடு ஒத்துப்போகின்றன. ஒரு மாதமாக இருந்த மனக்குறை தீர்ந்தது.

ஆறாம் தந்தி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். 'மணி ஃபார் நத்திங்' கிட்டார் ஓசையை வீட்டில் பிடிக்கப் பல நாளாக முயல்கிறேன். என்னிடமும் லெஸ் பால் வகை மின் கிட்டார் இருக்கிறது. மைக்கை ஸ்பீக்கரின் நடுவில் ஒட்டி வைத்துப் பதிந்தால் தடித்து வருகிறதே தவிர, அந்த மூக்கால் பேசும் தன்மை வரவில்லை.

பழைய ஊசி

வராது தம்பி, ஏனென்றால் அவர்களும் அப்படி வைக்கவில்லை. நாஃப்ளர் லெஸ் பால் ஜூனியரை லேனி ஆம்ப்ளிஃபையரில் இணைத்து வாசித்துக்கொண்டிருந்தார். மைக்குகள் இன்னும் சரிசெய்யப்படவில்லை. ஒன்று தரையைப் பார்த்தபடி கிடந்தது, இன்னொன்று ஸ்பீக்கருக்கு நேராக இல்லை. கட்டுப்பாட்டு அறையில் கேட்டபோது அந்த ஓசை பிடித்துவிட்டது, யாரும் எதையும் தொடக்கூடாது என்று அப்படியே பதிந்தார்கள். பிறகு நியூயார்க்கில் அதே ஓசையை மறுபடி கொண்டுவர முயன்றும் முடியவில்லை.

காரணம் எளிது. இரண்டு மைக்குகளுக்கும் ஸ்பீக்கரிலிருந்து தூரம் வேறு. 34 செ.மீ. வித்தியாசம் இருந்தால் ஒலி ஒரு மில்லிவிநாடி பிந்தி வரும். இரண்டையும் கூட்டும்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று சில இடங்கள் அடங்கி, இடையில் உள்ளவை எழும்பும். மூக்கொலி அங்கிருந்து வருகிறது. நீங்கள் ஒரு மைக்கை நேராக வையுங்கள், இன்னொன்றைத் தரைப் பக்கம் சாய்த்துப் பத்துப் பத்து செ.மீ.யாக நகர்த்துங்கள். ஹெட்ஃபோனில் கேட்டபடியே நகர்த்த வேண்டும், கண்ணால் பார்த்து வைப்பதில் பயனில்லை. காலால் மிதித்து ஓசையின் தன்மையை மாற்றும் வா பெடலைப் பாதியில் நிறுத்தி வைத்தும் பலர் அதை நெருங்குகிறார்கள்.

அந்தப் பாடலின் தொடக்கத்தில் எழும்பி வரும் டிரம்ஸையும் கேளுங்கள். அது குழுவின் டிரம்ஸ் கலைஞர் டெரி வில்லியம்ஸின் வாசிப்பு. ஆல்பத்தின் மற்ற டிரம்ஸை, வெளியிலிருந்து அழைக்கப்பட்ட ஓமர் ஹக்கீம் இரண்டே நாளில் மறுபடி வாசித்துப் பதிந்தார். வில்லியம்ஸின் அந்த எழுச்சியை மட்டும் விட்டுவைத்தார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பு மிகச் சரியாகப் படுகிறது.

கேட்டவர்

கடைசியாக ஒன்று. முழு நீள 'வொய் வொரி' இசைத்தட்டில் எங்காவது கிடைக்குமா?

சுழல்தட்டு

கிடைக்கும். பின்னாளில் இரண்டு தட்டுகளாக மறுபதிப்புகள் வந்திருக்கின்றன. நான்கு பக்கம் இருப்பதால் எதையும் வெட்டவில்லை. வாங்கும்போது உறையில் பாடல் நேரத்தைப் பாருங்கள், அச்சிடாவிட்டால் இரட்டைத் தட்டுதானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய தட்டைக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டாம் பக்கம் அதிலேயே அருமையாக ஒலிக்கும்.