இயர்பட்ஸ் பெட்டியில் போட்டிருக்கும் விவரக்குறிப்புகள்: வாங்கியவர்களின் அனுபவங்கள்

திருப்பூரிலிருந்து

பின்னலாடை நிறுவனம் ஒன்றின் நிட்டிங் பிரிவில் மேற்பார்வையாளராகப் பணிபுரிகிறேன். நூல் வந்து சேர்ந்ததா, சாயப்பட்டறைக்குத் துணி போய்விட்டதா என்று நாள் முழுவதும் அழைப்புகள் வந்துகொண்டே இருக்கும். இயந்திர இரைச்சலுக்கு நடுவே கைப்பேசியைக் காதில் அழுத்திப் பிடித்துப் பேசிப் பேசிச் சலித்துப்போய், சென்ற ஆண்டு ஒரு ஜோடி இயர்பட்ஸ் வாங்கினேன். பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் ‘ஈஎன்சி’ என்று போட்டிருந்தது. ‘சத்தத்தைக் குறைக்குங்க சார்’ என்று கடையில் இருந்த தம்பியும் சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை. யாருக்குக் குறைக்கும் என்று நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலை கூடத்துக்குள் போய் இரண்டையும் காதில் பொருத்தினேன். இரைச்சல் அப்படியே இருந்தது. கழற்றி மாட்டினேன், செயலியில் ஏதாவது அமைப்பு இருக்கிறதா என்று தேடினேன், பழுதான பொருளைக் கொடுத்துவிட்டார்கள் என்றே முடிவுகட்டினேன். மதிய இடைவேளைக்குச் சற்று முன் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. பேசி முடிக்கும் நேரத்தில் மனைவி, ‘இன்னைக்குக் கம்பெனிக்குப் போகலீங்களா? மெசின் சத்தமே கேக்கலையே’ என்றார். நான் அப்போது ஓடிக்கொண்டிருந்த இரண்டு இயந்திரங்களுக்கு நடுவில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அன்று இரவு உட்கார்ந்து படித்த பிறகுதான் விளங்கியது. ஈஎன்சி என்பது மைக்குக்கு உரிய வசதி. நம் குரலையும் சுற்றுப்புற ஒலியையும் பிரித்தறிந்து, குரலை மட்டும் எதிர்முனைக்கு அனுப்ப முயல்வது அதன் வேலை. பயன் முழுவதும் அந்தப் பக்கம் கேட்பவருக்கு. நம் காதுக்குள் அமைதி வேண்டுமானால் பெட்டியில் ‘ஏஎன்சி’ என்று இருக்க வேண்டும். அதில் இயர்பட்டின் வெளிப்புறத்தில் உள்ள மைக் இரைச்சலைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உடனுக்குடன் உண்டாக்கிக் காதுக்குள் விட, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஓர் எழுத்துதான் வித்தியாசம்; எனக்கு அதன் விலை 1,300 ரூபாய்.

பிறகு ஏஎன்சி உள்ள ஒன்றை வாங்கினேன். ‘32 டெசிபல் வரை’ என்று அதில் இருந்தது. இந்த ‘வரை’ என்ற சொல்லைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். ஏதோ ஓர் அதிர்வெண்ணில் கிடைக்கும் உச்ச அளவு அது. எல்லா ஒலியும் 32 டெசிபல் குறைந்துவிடும் என்று பொருள் இல்லை. மோட்டாரின் சீரான உறுமல், மின்விசிறி, பேருந்து எஞ்சின் போன்ற கனமான, தொடர்ச்சியான ஒலிகளை ஏஎன்சி நன்றாகவே அடக்குகிறது. யாராவது கூப்பிடும் குரலும், இரும்புத் தடி கீழே விழும் ஓசையும் ஏறக்குறைய அப்படியே கேட்கின்றன. உயர்ந்த அதிர்வெண்களின் அலைநீளம் மிகக் குறைவு என்பதால், எதிர் அலையைத் துல்லியமாகப் பொருத்துவது கடினம். அந்த ஒலிகளைத் தடுப்பது காதை அடைக்கும் சிலிக்கோன் ரப்பர்தான்.

அந்த ரப்பரைப் பற்றி எந்தப் பெட்டியின் முகப்பிலும் எழுதியிருப்பதில்லை. எனக்கு எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது அதுதான். பெட்டிக்குள் மூன்று அளவுகள் கொடுத்திருந்தார்கள், நடு அளவு ஏற்கனவே மாட்டியிருந்தது. கூடத்தில் நின்றபடி வலது இயர்பட்டை விரலால் லேசாக உள்ளே அழுத்திப் பார்த்தேன். உறுமல் சட்டென்று இறங்கியது. விரலை எடுத்ததும் மீண்டும் ஏறியது. அப்படியென்றால் இடுக்கு இருக்கிறது. வலது காதுக்குப் பெரிய அளவையும், இடது காதுக்கு நடு அளவையும் மாட்டியபோதுதான் செலவழித்த பணத்துக்கு உரிய அமைதி கிடைத்தது. பாட்டில் பேஸ், அதாவது கனமான தாழ்ந்த ஒலி, இல்லை என்று குறைப்படுகிறவர்களும் முதலில் இதைச் செய்து பார்க்க வேண்டும். காதுக்கும் ரப்பருக்கும் இடையே இடுக்கு இருந்தால் முதலில் வெளியேறுவது பேஸ்தான்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இயந்திரக் கூடத்தில் காதுப் பாதுகாப்புக்குக் கொடுக்கும் அடைப்பானுக்கு இது மாற்று இல்லை. இரைச்சலை மூழ்கடிப்பதற்காக ஒலியைக் கூட்டிக்கொண்டே போவதும் ஆபத்து. உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பான கேட்டல் வரையறைப்படி, பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம்தான்.

டிரைவர் (ஒலியை எழுப்பும் பாகம்) 13 மில்லிமீட்டர், மின்மறுப்பு 32 ஓம் என்றெல்லாம் இருக்கும் வரிகளை இப்போது நான் பொருட்படுத்துவதில்லை. 6 மில்லிமீட்டர் டிரைவர் கொண்டு நன்றாகப் பாடும் இயர்பட்ஸும் உண்டு. ஓம் கணக்கு, கம்பி இணைப்பில் கைப்பேசியின் ஆம்ப்ளிஃபையருக்கு எவ்வளவு சுமை என்பதைப் பார்க்க உதவும்; கம்பியில்லாத வகையில் ஆம்ப்ளிஃபையரே இயர்பட்டுக்குள் இருப்பதால், அதைப் பார்த்து வாங்குபவருக்குப் பயன் ஒன்றுமில்லை.

திருச்சியிலிருந்து

திருப்பூர் நண்பரின் அனுபவத்தைப் படித்ததும் என்னுடையதையும் எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் வீணை ஆசிரியை. வெளிநாட்டில் இருக்கும் சில மாணவிகளுக்கு இணையவழியில் வகுப்பு எடுக்கிறேன். மடிக்கணினியோடு புது இயர்பட்ஸை இணைத்துக்கொண்டு எடுத்த முதல் வகுப்பில், மெல்பேர்ன் மாணவியின் வீணை தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. கமகம் புரிகிறது, நாதம் இல்லை. தந்தி பழசாகியிருக்கும் என்று நினைத்து, மாற்றச் சொன்னேன். அந்தப் பெண்ணும் சிரமப்பட்டுப் புதுத் தந்திகள் வரவழைத்து மாற்றினாள். அடுத்த வாரமும் அதே தகர ஓசை. அவள் பதிவுசெய்து அனுப்பியதைக் கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்டபோது வீணை அழகாகப் பேசியது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பெட்டியில் ‘20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை’ என்று போட்டிருந்தது. மனிதக் காதின் கேட்கும் எல்லையே அதுதான் என்பதால் ஏறக்குறைய எல்லாப் பெட்டியிலும் அந்த எண்களைக் காணலாம். அந்த எல்லைக்குள் எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கம் என்று சொல்லாதவரை அதிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. என் சிக்கல் அதற்கும் அப்பால் இருந்தது. புளூடூத்தில் பாட்டுக் கேட்க ஒரு வழி, பேசுவதற்கு வேறொரு வழி. பாட்டு ஒரு திசையில் மட்டும் போவதால் ஸ்டீரியோவாக, முழு அளவில் போகிறது. இயர்பட்டின் மைக்கைத் திறந்த அடுத்த நொடி, கணினி பேச்சு வழிக்கு மாறிவிடுகிறது. அந்த வழியில் ஒலியை வினாடிக்கு 8,000 முறை, சற்றே புதிய முறையில் 16,000 முறைதான் மாதிரி எடுக்கிறார்கள். மாதிரி எண்ணிக்கையில் பாதி அளவு அதிர்வெண்தான் கடந்து வர முடியும். அதாவது 4,000 அல்லது 8,000 ஹெர்ட்ஸ், அதுவும் இரு காதுக்கும் ஒரே ஒலியாக, மோனோவில். வீணையின் நாதத்துக்கு உயிர் கொடுக்கும் மேல் அதிர்வெண்கள் அந்த வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

என் அக்கா மகன் வந்து ஒரே நிமிடத்தில் சரிசெய்தான். வகுப்புச் செயலியின் அமைப்பில் மைக்காக மடிக்கணினியின் சொந்த மைக்கையும், கேட்பதற்கு மட்டும் இயர்பட்ஸையும் தேர்ந்தெடுக்கச் சொன்னான். தேர்ந்தெடுத்ததும் வீணையின் நாதம் திரும்பி வந்தது. அந்தக் கணம் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று எழுத்தில் சொல்வது கடினம்.

இந்தக் குறையைத் தீர்க்க ‘எல்ஈ ஆடியோ’ என்ற புதிய முறையை 2020-இல் அறிவித்தார்கள். அது புளூடூத் 5.2 பதிப்போடு வந்தது. அதன் கோடெக்கின் (ஒலியைச் சுருக்கி அனுப்பி விரிக்கும் முறையின்) பெயர் எல்சி3. என்னுடையது 5.3 ஆயிற்றே, இருக்க வேண்டுமே என்று தேடினேன், இல்லை. பதிப்பு எண் உயர்ந்திருப்பதால் மட்டும் எல்லா வசதியும் வந்துவிடுவதில்லை, தயாரிப்பாளர் விரும்பினால் சேர்க்கலாம் என்ற நிலைதான். சேர்த்திருந்தாலும் கணினியிலும் அது இருக்க வேண்டும்.

தாமதம் பற்றியும் ஒரு வார்த்தை. கைப்பேசி ஒலியைச் சுருக்கி அனுப்ப, இயர்பட் அதைச் சேமித்துவைத்து விரித்துக் கொடுப்பதற்குள், சாதாரணமாக 150 முதல் 250 மில்லி வினாடி ஓடிவிடுகிறது. படம் பார்க்கும்போது செயலியே காட்சியையும் அதே அளவு தள்ளிவைத்துவிடுவதால் உதட்டசைவு பொருந்திப்போகிறது. தாளச் செயலியைக் காதில் வைத்துக்கொண்டு, மேசைமேல் இருக்கும் கைப்பேசியில் அதே தாளம் விளக்காக மின்னுவதைப் பார்த்து வாசித்தேன். விளக்கு ஒரு பக்கம், காது ஒரு பக்கம். ஓர் அட்சரத்துக்கு ஒரு வினாடி என்றால், அதை நான்கு மாத்திரைகளாகப் பிரிக்கும் சதுஸ்ர நடையில் ஒரு மாத்திரை 250 மில்லி வினாடி. ஏறத்தாழ ஒரு மாத்திரை பிந்தி வரும் தாளத்தை எந்தக் கலைஞராலும் விளக்கோடு சேர்க்க முடியாது. ‘கேம் மோடு’ போட்டபோது குறைந்தது, ஆனால் மறையவில்லை. பயிற்சிக்குப் பழைய கம்பி இயர்போனையே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

மதுரையிலிருந்து

என் அனுபவம் கோடெக் பற்றியது. ‘எல்டாக், 990 கேபிபிஎஸ்’ என்று பார்த்து, கூடுதல் விலை கொடுத்து வாங்கினேன். எல்டாக் சோனி உருவாக்கிய கோடெக்; கேபிபிஎஸ் என்பது வினாடிக்கு எத்தனை கிலோபிட் தகவல் போகிறது என்ற கணக்கு. ஆண்ட்ராய்டு 8 முதல் பல கைப்பேசிகளில் இருக்கிறது. என் மகள் தன் ஐபோனில் இணைத்துக் கேட்டுவிட்டு, ‘பழைய இயர்பட்ஸ் மாதிரியேதான்ப்பா இருக்கு’ என்றாள். அவள் சொன்னது சரி. ஐபோனில் இருப்பவை எஸ்பிசி, ஏஏசி ஆகிய இரண்டுமே. கோடெக் என்பது இரு வீட்டாரும் சம்மதித்தால்தான் நடக்கும் கல்யாணம். ஒரு பக்கம் இல்லாவிட்டால், இரண்டுக்கும் பொதுவாக இருப்பதற்கு இறங்கிவிடும்.

என் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் அது தானாக வேலை செய்யவில்லை. அமைப்புகளில் பில்டு எண்ணை ஏழு முறை தட்டி, டெவலப்பர் பக்கத்தைத் திறந்து பார்த்தால், ‘ஏஏசி’ என்று காட்டியது. இயர்பட்ஸின் செயலியில் எல்டாக்கைத் தனியாக இயக்கிய பிறகே மாறியது. மாறியதும் இரண்டு கருவிகளோடு ஒரே நேரத்தில் இணையும் வசதி போய்விட்டது. பெட்டியில் இரண்டும் அடுத்தடுத்து அச்சிட்டிருந்தன. இரண்டும் சேர்ந்து கிடைக்காது என்று எங்கும் எழுதவில்லை. இது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

990 என்பதும் உச்ச அளவுதான். 660, 330 என்று இறங்கும் படிகளும் உண்டு. குறுந்தகட்டின் அளவு 1,411 கேபிபிஎஸ் என்பதால் 990-இலும் சுருக்கம் இருக்கவே செய்கிறது. பெரியார் பேருந்து நிலையத்தில் மாலை நெரிசலில், கைப்பேசியைப் பின் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு 990-இல் கேட்டபோது பாட்டு விட்டுவிட்டு வந்தது. வைஃபையும் புளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பகிர்ந்துகொள்கின்றன. நம் உடம்பில் உள்ள நீரும் அந்த அலையை உறிஞ்சிக்கொள்கிறது. கைப்பேசியைச் சட்டைப் பைக்கு மாற்றி, தானாக மாறும் அமைப்பில் விட்டதும் தடங்கல் நின்றது.

சென்னையிலிருந்து

சுருக்கமாக எழுதுகிறேன். தினமும் காலையில் பெசன்ட் நகர் கடற்கரையோரம் ஓடுகிறவன். ‘ஐபிஎக்ஸ்4’ என்பதை வாட்டர்புரூஃப் என்று எண்ணிக்கொண்டு பத்து மாதம் ஓடினேன். எந்தத் திசையிலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பது மட்டுமே அதன் பொருள். எண் 7 ஆக இருந்தால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும். எக்ஸ் என்றால் தூசிக்கான தரம் எதையும் குறிப்பிடவில்லை என்று அர்த்தம். கடற்கரை மணலில் ஓடுகிறவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை. இந்தச் சோதனைகளை நன்னீரில்தான் செய்கிறார்கள். வியர்வையில் உப்பு இருக்கிறது. இயர்பட்ஸை வைத்துச் சார்ஜ் ஏற்றும் கேஸுக்குப் பெரும்பாலும் எந்தத் தரமும் இருப்பதில்லை. நான் வியர்வையோடு இயர்பட்டைக் கழற்றி அப்படியே கேஸில் வைத்து மூடி வந்தேன். பத்தாம் மாதம் இடது பக்கம் சார்ஜ் ஏறுவது நின்றது. திருப்பிப் பார்த்தால் சார்ஜ் ஏறும் பித்தளை நிறப் புள்ளிகளில் ஒன்று பச்சை பிடித்திருந்தது. சேவை மையத்தில், ‘ஈரம் பட்டிருக்கு சார், வாரண்டி வராது’ என்றார்கள்.

‘மொத்தம் 40 மணி நேரம்’ என்ற வரியும் கேஸில் உள்ள மின்சாரத்தைச் சேர்த்துச் சொன்னதே. என்னுடையதை ஒருமுறை முழுதாக ஏற்றினால், ஏஎன்சி போட்டு ஐந்து மணி நேரம் ஓடும்.

இப்போது புது ஜோடியோடு ஓடுகிறேன். வீட்டுக்கு வந்ததும் பழைய பனியன் துணியால் அந்தப் புள்ளிகளைத் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிடம் வைத்துவிட்டுத்தான் கேஸை மூடுகிறேன்.