வெளிநாட்டில் பைப் பிடிப்பவர்களுக்கு: போலீஸ் வந்து பக்கத்தில் நின்றால்

புதிதாக வந்தவர்களில் இரண்டு பேர் ஒரே வாரத்தில் இதையே கேட்டுவிட்டார்கள். "அண்ணா, பைப் பிடிப்பது இங்கே தப்பா? போலீஸ் நிறுத்தி, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார்." ஆளாளுக்குத் தனியாகப் பதில் எழுதுவதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் பதினைந்து வருடமாகப் பைப்பில் புகையிலை அடைத்துப் பிடிப்பவன். புகைப்பது நல்லதா கெட்டதா என்ற பேச்சுக்கு நான் வரவில்லை. ஏற்கெனவே பிடிப்பவர் அந்நிய மண்ணில் போலீஸ் முன்னால் தடுமாறி நிற்கக்கூடாது என்பதுதான் என் கவலை.

நேர் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் என்று நம்மவர்கள் அதிகம் போகும் நாடுகளில், வயது வந்தவர் பைப்பும் புகையிலையும் வைத்திருப்பது குற்றம் கிடையாது. ஆனால் "வயது வந்தவர்" என்றால் எத்தனை வயது என்பது ஊருக்கு ஊர் மாறும். சிங்கப்பூரில் 2021 ஜனவரி 1 முதல் 21 வயது. அதற்குக் கீழே இருப்பவர் கையில் வைத்திருந்தாலே குற்றம். அமெரிக்காவில் 2019 டிசம்பர் முதல் 21 வயது ஆகாதவருக்குக் கடையில் விற்கக்கூடாது. படிக்க வரும் பிள்ளைகள் பலர் 19, 20 வயதில்தான் வருகிறார்கள். அவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அப்படியானால் போலீஸ் ஏன் நிறுத்துகிறார்? அவர் கண்ணால் ஒரு நிமிடம் பாருங்கள். பைப்பில் புகையிலை பிடிக்கும் ஆள் இப்போது தெருவில் அபூர்வம். பயிற்சியில் அவருக்குக் காட்டப்பட்டிருக்கும் பைப் எல்லாம் கஞ்சாவுக்கோ ஐஸ் என்கிற போதைப்பொருளுக்கோ உள்ளது. இந்த நிலையில், தனியாக பெஞ்சில் ஒருவர், கையில் மரப் பைப், பக்கத்தில் ஜிப் கவரில் உதிர்ந்த இலை, பைப்பைச் சுத்தம் செய்யும் கறை படிந்த கம்பிகள், கூரான ஒரு கருவி, அதோடு பழக்கமில்லாத ஒரு வாடை. சந்தேகம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். கோபப்பட இதில் ஒன்றுமில்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் ஒரு பூங்கா, மாலை நேரம். அன்று லட்டாக்கியா கலந்த புகையிலை. மரப்புகையில் பதப்படுத்திய இலை அது. பிடிக்காதவருக்கு விறகு எரிகிற வாடையும் சாம்பிராணி வாடையும் சேர்ந்த மாதிரி இருக்கும். டப்பா வீட்டில் இருந்தது. இரண்டு முறைக்கு வேண்டிய இலையை மட்டும் ஜிப் கவரில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். தப்பு அங்கேதான் தொடங்கியது. இரண்டு காவலர்கள் வந்தார்கள். போதைப்பொருள் சட்டப்படி சோதனை செய்யப்போகிறோம் என்றார் ஒருவர். கவரை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இன்னொருவர் பைப்பை வாங்கி, தண்டைப் பிடித்துத் திருகப் போனார்.

பைப் பிடிப்பவர்களுக்குத் தெரியும், சூட்டோடு தண்டைக் கழற்றக்கூடாது. பொருத்து முனை இறுகியிருக்கும். திருகினால் முறியலாம், மரத்தில் விரிசலும் விழலாம். எனக்கு அடிவயிறு கலங்கியது. எழுந்து கையை நீட்டிப் பிடுங்கத்தான் தோன்றியது. நல்லவேளை, உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, "ஐயா, அது இன்னும் சூடாக இருக்கிறது. கழற்றினால் உடையும். பத்து நிமிடம் ஆறட்டும், நானே கழற்றிக் காட்டுகிறேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பைப்பைப் பார்த்தார், பெஞ்சில் வைத்தார். ஆறும்வரை மூன்று பேரும் அங்கேயேதான் நின்றோம். அந்த இடைவெளியில் புகையிலையின் வகை, அழுத்தும் கருவி எதற்கு, கம்பி ஏன் பழுப்பாகிறது என்று அவர் கேட்கக் கேட்க நான் சொன்னேன். பிறகு கழற்றிக் காட்டினேன். முகர்ந்து பார்த்தார், திருப்பிக் கொடுத்தார், சோதனைக்கான சீட்டும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இதிலிருந்து எனக்கு விளங்கியது ஒன்றுதான். பைப்பின் மீது அவர்களுக்கு வழக்கு இல்லை. உள்ளே இருப்பது என்ன என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில், அவர் வாய் திறக்கும் முன்பே உங்கள் பக்கத்தில் கிடக்க வேண்டும். ஆகவே டப்பாவோடு போங்கள். கடையில் வாங்கிய அதே டப்பா அல்லது பொட்டலம், பெயரும் எச்சரிக்கைப் படமும் தெரிய. இருக்கும் இலை ஒரு சிட்டிகையாக இருந்தாலும் அதிலேயே இருக்கட்டும். ஜிப் கவர் வேண்டவே வேண்டாம். வாங்கிய ரசீதையும் டப்பாவின் அடியில் மடித்து வைத்துவிடுங்கள்.

அப்புறம், இதை ரொம்ப அழுத்திச் சொல்கிறேன்: உங்கள் பைப்பை யாருக்கும் இரவல் தராதீர்கள். அறைத்தோழர் ஒருநாள் கஞ்சா வைத்து இழுத்துவிட்டுத் துடைத்துத் திருப்பித் தருவார். புகையிலை அடைக்கும் கிண்ணத்தின் உள்சுவரில் படிந்த கரியில் அது தங்கிவிடும். பழைய பைப் வாங்கும் வழக்கம் உள்ளவர்களுக்கும் இதே கதை. முன்பு யார், எதை அடைத்தார் என்று உங்களுக்குத் தெரியாது. வாங்கியதும் உள்கரியைச் சுரண்டி, சாராயம் தொட்டு நன்றாகச் சுத்தம் செய்த பிறகே வெளியே எடுங்கள்.

கருவி பற்றி ஒரு வார்த்தை. அழுத்தும் முனை, குத்தூசி, சுரண்டும் கரண்டி மூன்றும் சேர்ந்த சாதாரண மடக்குக் கருவியால் தொல்லை இல்லை. கத்தி முனையோடு வருகிற வகையில் கவனம் தேவை. பிரிட்டனில், விரித்தால் பூட்டிக்கொள்ளாத, 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்தியைத்தான் காரணம் சொல்லாமல் வெளியே வைத்திருக்கலாம். பூட்டிக்கொள்கிற கத்தி என்றால், அது ஏன் உங்களிடம் இருக்கிறது என்று நீங்கள்தான் சொல்லியாக வேண்டும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தெருவில் சோதனை செய்யும்போது, எதைத் தேடுகிறார், எதனால் சந்தேகம், அவர் எந்த நிலையத்தைச் சேர்ந்தவர் என்பதை அவர் சொல்ல வேண்டும். சோதனை பற்றிய பதிவைக் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. பெயரும் முகவரியும் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் அந்தச் சோதனையில் கிடையாது. (வண்டி ஓட்டும்போது நிறுத்தினால் கணக்கு வேறு, ஓட்டுநர் விவரம் தந்தாக வேண்டும்.) கஞ்சா வாடை ஒன்றை மட்டும் வைத்துச் சோதனையில் இறங்குவது நல்ல நடைமுறை ஆகாது என்பதே அங்கே போலீஸாருக்கான வழிகாட்டுதல். இதைத் தெரிந்து வைத்திருங்கள். ஆனால் அங்கேயே நின்று சட்டம் பேசி மல்லுக்கட்ட வேண்டாம். சீட்டை வாங்கிக்கொண்டு வாருங்கள். புகார் கொடுக்க நினைத்தால் அதுதான் ஆதாரம்.

அமெரிக்காவுக்கு வந்திருப்பவர்கள் இனி வருவதை இரண்டு தடவை படியுங்கள். அங்கே போதைப்பொருள் உபகரணம், அதாவது போதைப்பொருளைப் பயன்படுத்த உதவும் பொருள், என்று ஒரு குற்றம் இருக்கிறது. மத்திய சட்டத்தின் பட்டியலில் மர பைப், கல் பைப், கண்ணாடி பைப் எல்லாமே வருகின்றன. ஆனால் அதே சட்டம், வழக்கமாகப் புகையிலைக்கென்றே உள்ள பைப்பையும் அதன் துணைப் பொருட்களையும் விலக்கி வைத்திருக்கிறது. ஆக, பிரையர் மரத்தில் செய்த பைப் வைத்திருப்பது குற்றம் ஆகாது. ஆபத்து இதற்கு அடுத்த கட்டத்தில். எங்கேயோ ஒரு சின்ன ஊரில் பிடித்து, "இது சிறிய விஷயம், ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போய்விடு" என்பார்கள். குடிமகனுக்கு அது சிறிய விஷயமாக இருக்கலாம். விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவருக்குப் போதைப்பொருள் சார்ந்த எந்தத் தீர்ப்பும் நாடு கடத்தல் வரை இழுக்கக்கூடியது. மெலூலி என்ற துனீசியாக்காரர், காலுறைக்குள் நான்கு மாத்திரை வைத்திருந்தார். கான்சாஸில் உபகரணக் குற்றத்தை ஒப்புக்கொண்டார், நாடு கடத்தப்பட்டார். 2015இல் உச்ச நீதிமன்றம் அந்த நாடு கடத்தல் செல்லாது என்று சொல்லும்வரை அவர் எவ்வளவு அலைந்திருப்பார் என்று யோசியுங்கள். ஆகவே வழக்கறிஞரைப் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒப்புக்கொண்டால் குடியேற்ற நிலைக்கு என்ன ஆகும் என்று சொல்வது வழக்கறிஞரின் கடமை என்பதையும் அதே நீதிமன்றம் 2010இல் பாடில்லா வழக்கில் சொல்லியிருக்கிறது. "என் விசாவுக்கு என்ன ஆகும்?" என்று நேராகக் கேளுங்கள்.

எந்த நாட்டில் கைது செய்தாலும், நம் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லிக் கேட்கலாம். 1963ஆம் ஆண்டு வியன்னா தூதரக உடன்படிக்கையின் 36ஆவது பிரிவு தருகிற உரிமை அது. வாயைத் திறந்து கேட்டால்தான் நடக்கும்.

கார் விஷயம். நிறுத்தினால் பைப்பைச் சாம்பல் கிண்ணத்தில் வைத்துவிட்டு, இரண்டு கையும் ஸ்டீயரிங் மேல். இரவில், கறுப்பாக வளைந்த ஒரு பொருளைச் சட்டைப் பையிலிருந்து எடுப்பதோ, இருக்கைக்கு அடியில் குனிந்து மறைப்பதோ, அவர்கள் கண்ணுக்கு என்னவாகத் தெரியும் என்று சொல்லத் தேவையில்லை. எதையாவது எடுக்க வேண்டுமென்றால், முதலில் சொல்லுங்கள், பிறகு மெதுவாக எடுங்கள். வண்டியைச் சோதிக்கட்டுமா என்று அமெரிக்காவில் கேட்டால், "எனக்குச் சம்மதமில்லை" என்று பணிவாகச் சொல்லலாம். அதையும் மீறிச் சோதித்தால் தடுக்காதீர்கள்; வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்.

வண்டியில் பிள்ளைகள் இருந்தால் பற்றவைக்கவே வேண்டாம். 18 வயதுக்குக் கீழ் யாராவது உள்ளே இருக்கும்போது புகைத்தால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 அக்டோபர் முதல் குற்றம், அபராதமும் உண்டு. சட்டத்தை விடுங்கள், அந்த மூடிய வண்டிக்குள் குழந்தை மூச்சுவிட வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் எரியும் கங்குகளை ஜன்னல் வழியே தட்டிவிடும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். நியூ சவுத் வேல்ஸில் எரியும் சிகரெட்டைக் காரிலிருந்து எறிந்த ஓட்டுநருக்கு 2020 ஜனவரியிலிருந்து ஓட்டுநர் உரிமத்தில் ஐந்து தண்டப் புள்ளி ஏறும். முழுத் தீத்தடை நாளில் பத்து. பைப்பின் அடியில் மிஞ்சும் ஈரப் புகையிலை அணைந்த மாதிரி தெரியும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். மூடி உள்ள சிறு தகரடப்பா ஒன்று வண்டியில் எப்போதும் இருக்கட்டும்.

சிங்கப்பூரில் எங்கே பிடிக்கிறீர்கள் என்பதுதான் எல்லாமே. ஆர்ச்சர்ட் சாலைப் பகுதியில் 2019 ஜனவரி முதல், ஒதுக்கப்பட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் கூடாது. பிடிப்பவர் பெரும்பாலும் போலீஸாக இருக்கமாட்டார், சுற்றுச்சூழல் துறை அதிகாரியாக இருப்பார். 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். நீதிமன்றம் போனால் 1,000 வரை.

*

கேட்டவை சிலவற்றுக்கு இங்கேயே பதில் சேர்க்கிறேன்.

"அண்ணா, ஆஸ்திரேலியா வருகிறேன். இரண்டு டப்பா கொண்டு வரலாமா?"

தம்பி, வரியில்லாமல் அனுமதி 25 கிராம்தான். வழக்கமான ஒரு டப்பாவே 50 கிராம். அளவைத் தாண்டினால் தாண்டியதற்கு மட்டுமின்றி மொத்தத்துக்கும் வரி. கொண்டு வருவதானால் விமானத்தில் தரும் வருகை அட்டையில் எழுதி அறிவித்துவிடு. அறிவித்தவரை யாரும் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. தபாலில் வரவழைக்கலாம் என்று நினைக்காதே, 2019 ஜூலை முதல் உரிமம் இல்லாமல் அது தடை. சிங்கப்பூரில் வரிவிலக்கு ஒரு கிராமுக்குக்கூட இல்லை. பிரிட்டனில் 250 கிராம் வரை பரவாயில்லை.

"சாலையில் எச்சில் சோதனை செய்கிறார்களாமே, புகையிலை காட்டிவிடுமா?"

காட்டாது. ஆஸ்திரேலியப் போலீஸ் அதில் தேடுவது கஞ்சா, ஐஸ் போன்றவற்றை. மறுத்தால்தான் அது தனிக் குற்றம், ஆகவே கொடுத்துவிடுங்கள். இலையின் மீது சாயத் துளி விட்டு நிறம் பார்க்கும் சோதனை வேறு. அது தவறாகக் காட்டுவது உண்டு. அப்படி ஏதாவது காட்டினால் பதறி எதையும் உளறாதீர்கள். ஆய்வகச் சோதனை கேட்கிறேன், வழக்கறிஞர் வேண்டும், இந்த இரண்டு வாக்கியம் போதும்.

"கனடாவில் 2018லேயே கஞ்சா சட்டப்பூர்வம் ஆகிவிட்டதே, அங்கே இந்தக் கவலை இல்லைதானே?"

குறைவு, தங்கச்சி. ஆனால் ஸ்டீயரிங் பிடித்திருக்கும்போது வாடை வந்தால், போதையில் ஓட்டுகிறீர்களா என்ற கேள்வி அங்கேயும் வரும். உங்கள் வீட்டுக்காரரிடம் டப்பாவைக் கையெட்டும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

"அந்தப் பூங்காச் சீட்டை என்ன செய்தீர்கள்?"

படம் எடுத்து வைத்துவிட்டேன், தாளும் இருக்கிறது. தேதி, நேரம், எதைத் தேடினார்கள், என்ன கிடைத்தது என்ற இடத்தில் "ஒன்றுமில்லை" என்று எழுதியிருக்கும். விசா புதுப்பிக்கும் வரையாவது அதைத் தூக்கிப் போடாதீர்கள்.